நாலு அடியில் ஒரு நள்ளிரவு

வணக்கம். இன்றைக்கு நாலே அடிதான் பேசப்போகிறேன். முதலில் காதால் கேளுங்கள்.

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்
தினிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை யுலகமுந் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

குறுந்தொகையின் ஆறாம் பாட்டு. பாடியவர் பதுமனார். பொருள் தேடிப் போனவனை நினைத்துத் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நள்ளிரவு ஆகிவிட்டது, பேச்சு ஓய்ந்து எல்லாரும் இனிதாக அடங்கிவிட்டார்கள், அகன்ற உலகமும் வெறுப்பில்லாமல் தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை.

யாப்பு நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தின அடியில், மூன்று சீர்தான் வரும், அது விதி. அந்தக் குறைந்த அடியில் பதுமனார் எதை வைத்தார் பாருங்கள். 'துஞ்சும்' என்று உலகம் தூங்கியதும் அடி முடிந்துபோகிறது. நாலாம் சீர் வரவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. வாய்விட்டுச் சொன்னால் நாக்கு அங்கே ஒரு கணம் தானாக நிற்கும். அந்த நிசப்தத்திலிருந்துதான் 'ஓர்யான்' எழுகிறது.

அப்புறம் அந்தக் கடைசி அடி. அதற்கு முந்தின அடியில் நனந்தலை, உலகமும் இரண்டும் கருவிளம் என்ற வகைச் சீர்; குறில்கள் அடுத்தடுத்து வர, ஓடுகிற சீர்கள். கடைசி அடியில் அசை பிரியுங்கள்: ஓர்-யான், மன்-ற, துஞ்-சா, தே-னே. நாலும் தேமா, ஒவ்வொரு அசையும் தனித்து நிற்கிற சீர். பாட்டில் இப்படி வேறு அடி கிடையாது. தூக்கம் வராதவள் இருட்டில் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடப்பது போலவே எனக்குக் கேட்கிறது.

'மாக்கள்' என்ற சொல்லையும் விடக்கூடாது. 'மக்கள்' என்றிருந்தாலும் தேமாதான், யாப்பு தடுத்திருக்காது. மாக்கள் என்றால் மனிதர் என்றும் பொருள் உண்டு, சரி. ஆனால் ஐயறிவு உடையவர்களையும் மாக்கள் என்கிறதே தொல்காப்பியம்! நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் மேல் அவளுக்குள்ள கசப்பு அந்த நெடிலில் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

இதை நெய்தல், அதாவது கடலோரத் திணை, என்று வகுத்திருக்கிறார்கள். கடல் எங்கே? மணல், புன்னை, நாரை எதுவும் இல்லை. இரங்கல் என்ற உரிப்பொருள், அதாவது திணைக்கு உரிய உணர்வு, ஒன்றே இதை நெய்தல் ஆக்குகிறது. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளில் தெளிவாக இருப்பது பொழுது மட்டும்தான், அதுவும் நெய்தலுக்கு உரிய எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம், இல்லை. யாமம் குறிஞ்சியின் பொழுது, காதலர் கூடும் நேரம். அந்த நேரம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. அவள் வாயைத் திறந்ததும் முதலில் யாமத்தைச் சொல்வது அதனால்தான்.