வெக்கையும் அசுரனும்: கதை யாருடைய கண்ணில் நிகழ்கிறது?

நேயர் ஒருவர் எழுதி அனுப்பிய கேள்வி சில நாட்களாகவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘பூமணியின் வெக்கை நாவலைப் படித்துவிட்டு அசுரன் படத்தைப் பார்த்தேன். படத்தில் வருகிற ஃபிளாஷ்பேக்கில் பெரும்பகுதி நாவலில் இல்லவே இல்லை. அப்படியிருக்க, இதை அந்த நாவலின் திரைவடிவம் என்று எப்படிச் சொல்வது?’ என்பது அவருடைய சந்தேகம்.

தாராளமாகச் சொல்லலாம் என்பதே என் பதில். அசுரனை இயக்கிய வெற்றிமாறன் ஒரு நூலைக் கையாளும் முறையே அப்படிப்பட்டதுதான். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலைக் கொண்டு அவர் எடுத்த ‘விசாரணை’ படத்தில், அந்த நூல் முற்பாதியோடு நின்றுவிடுகிறது. பிற்பாதியை இயக்குநர் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். ஆகையால், எது இருக்கிறது, எது விடுபட்டது என்று கணக்குப் பார்ப்பதைவிட, கதை யாருடைய கண்ணில் நிகழ்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். தொடர்ந்து கேட்டு வருபவர்களுக்கு இது என் பழைய பல்லவி; பூமணியின் ‘பிறகு’ நாவலைப் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன்.

1982இல் வெளிவந்த வெக்கை, கொலையிலேயே தொடங்குகிறது. சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டுப் போகத்தான் நினைத்திருந்தான். ஆனால் ஆளே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அவனும் அவனுடைய அய்யாவும் கரிசல் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைப்பது, எந்தப் பாறை இடுக்கில் படுப்பது, மாமா எப்போது சேதி கொண்டு வருவார் என்பவையே அந்த நாட்களின் கவலைகள். அய்யாவின் பழைய வாழ்க்கை பேச்சுவாக்கில் வந்து போகிறது. சாதியின் பெயரைப் பூமணி எழுதுவதே இல்லை. பையனுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும்.

2019இல் வந்த அசுரனோ தந்தையின் படம். தனுஷ் நடிக்கும் சிவசாமியும் அவருடைய மகனும் இருட்டில் தண்ணீரைக் கடந்து வருவதில் படம் தொடங்குகிறது. நாவலின் முதல் நிகழ்ச்சியான கொலை, படத்தில் காரணங்கள் எல்லாம் அடுக்கப்பட்ட பிறகே வருகிறது. எனக்கு முக்கியமாகப் படும் மாற்றம் இன்னொன்று. படத்தில் சிதம்பரம் தன் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான். நாவலில் அப்படி ஒரு பிணக்கு கிடையாது. அங்கே அய்யாவும் மகனும் ஒருவரையொருவர் முழுமையாக நம்புகிறார்கள். படம் இந்தப் பிணக்கை உண்டாக்கிக்கொண்டதால், அதைத் தீர்ப்பதற்குத் தந்தையின் பழைய கதை ஒன்று தேவைப்பட்டது. நேயர் கேட்ட அந்த ஃபிளாஷ்பேக், நட்சத்திர நடிகருக்காக ஒட்டிய வால் மட்டுமன்று, முதலில் செய்த மாற்றத்துக்குக் கொடுத்த விலையும்கூட.

அந்த விலையில் படத்துக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்லவேண்டும். 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம், பெரிய நட்சத்திரம் நடித்த வெகுசனப் படமொன்றில் பெயர் சொல்லிப் பேசப்பட்டது. குடிசைகள் எரியும் காட்சியில், 1968 டிசம்பரில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி பார்வையாளர் பலருக்கு நினைவுக்கு வந்தது. நாவல் சொல்லாமல் விட்டதைப் படம் உரத்துச் சொன்னது. திரையரங்கில் அப்படித்தான் சொல்ல முடியும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

படம் பார்த்த வேகத்தில் நாவலை வாங்கிய நண்பர் ஒருவர், பாதிப் புத்தகம் முடிந்த பிறகு என்னை அழைத்து, ‘சண்டை எப்போது வரும்?’ என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தந்தையின் கண்ணால் பார்த்துப் பழகியவரைப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால், ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும்.

அந்த நேயர் வேறொன்றைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை அந்தக் குடும்பம் ஏன் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை? வெக்கையில் என்னைக் கலங்கடித்தது இதுதான். அய்யா, ஆத்தா, மாமா, அத்தை எல்லோரும் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்றுதான் கவலைப்படுகிறார்கள். நியாயம் பேசவோ புத்தி சொல்லவோ அவர்களுக்கு நேரமில்லை. படத்தின் முடிவில் சிவசாமி, நிலத்தையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று மகனுக்குச் சொல்கிறார். கைதட்டல் வாங்கிய வசனம், தேவையான வசனமும்கூட. ஆனால் நாவலில் இருவரும் சரணடைவதற்காக நீதிமன்றத்தை நோக்கிப் போகும்போது அய்யா எந்த உபதேசமும் செய்வதில்லை. அந்தப் பையனை அதற்குள் அவர் தனக்குச் சமமான ஆளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்த ஏற்பு படத்தில் இல்லை, எனக்கு உள்ள ஒரே மனக்குறையும் அதுதான்.