மூன்று மாத ஊசி போட்டால் இரத்தம் உள்ளே தேங்குமா?

(திரையில்: கிளினிக் வாங்கில் காத்திருக்கும் பெண்கள்)

ஏறாவூரோ களுவாஞ்சிக்குடியோ, கிளினிக்கில் டெப்போ என்ற மூன்று மாதக் கருத்தடை ஊசியின் பேச்சு வந்ததும் பக்கத்திலிருக்கும் மாமி ஒருவர் சொல்வார்: "அதப் போடாத மகள், கெட்ட ரெத்தமெல்லாம் வயித்துக்குள்ள கட்டிப் போயிரும்."

(திரையில்: கருப்பையின் படம். உட்சுவர் தடிக்கிறது, உதிர்கிறது)

மாதாமாதம் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். கரு தங்காவிட்டால் அது உதிரும், அதுதான் மாதவிடாய். டெப்போவில் உள்ள ஹோர்மோன் முட்டை வெளிவராமல் தடுப்பதோடு, அந்தச் சுவரையும் மெல்லியதாகவே வைத்துவிடுகிறது. உதிர ஒன்றுமில்லை, அதனால்தான் இரத்தம் வருவதில்லை. பிறகு எது தேங்கும்? முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் படலாம். ஒரு வருடம் தொடர்ந்து போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றுவிடும்.

சரி, குறையே இல்லாத ஊசியா? இல்லை. சிலருக்கு எடை கூடும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஒரு வருடமோ அதற்கு மேலோ போட்டவர்களுக்கு மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்புக் கூடுவதாக 2024இல் பிரான்ஸ் ஆய்வொன்று சொன்னது. அந்தக் கட்டி அபூர்வமானது. ஆனாலும் தலையிடியோ பார்வை மங்கலோ விடாமல் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, ஊசியை நிறுத்தியதும் பிள்ளை தங்காது. கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் செல்லும். சீக்கிரம் அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் வேறு முறை கேளுங்கள்.

(திரையில்: குளிசை அட்டை, பிரஷர் கருவி)

தினமும் எடுக்கும் கூட்டுக் கருத்தடைக் குளிசையின் கதை வேறு. அதில் ஈஸ்ட்ரஜன் என்ற இன்னொரு ஹோர்மோனும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது நாளத்தில் இரத்தம் உறைவது. வருடத்துக்கு 10,000 பெண்களில், குளிசை எடுக்காதவர்களில் 1 முதல் 5 பேருக்கு அது வரலாம். எடுப்பவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளிலோ 5 முதல் 20! இதை மட்டும் எந்த மாமியும் சொல்வதில்லை.

பிரஷர் கூடியவர்கள், 35 வயது தாண்டிப் புகைப்பவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலையிடி வருபவர்கள், பிள்ளைக்கு 6 மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்கள் இந்தக் குளிசையைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுத்தால் குளிசையின் பலன் குறைந்துவிடும். இதெல்லாம் கேட்காமல், பிரஷரும் பார்க்காமல், பாமசியில் அட்டையை மட்டும் வாங்கி வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

குளிசை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினாலோ விடியும்வரை பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குளிசை எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.