முடிவைச் சொல்லாமல் துப்பறியும் கதையைப் பற்றிப் பேச முடியுமா?

வணக்கம். இந்த வாரம் நம் சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு மாதிரி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, எங்கள் வாசகர் வட்டத்தில் துப்பறியும் நாவல்களைப் பற்றிப் பேசுகிறேன். முடிவைச் சொல்லாமல் பேசினால் பின்னட்டையைப் படித்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். சொன்னால் திட்டுகிறார்கள். பழைய கதைகளுக்காவது முடிவைச் சொல்லலாமா? அப்புறம் என் மாமியார் எந்த நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கிறார். இது நியாயமா?"

மாமியார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஜூரோங்கில் என் மாமா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய மாத நாவல்கள் கிடக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மிளகாய்த்தூள், வடகத்தோடு சேர்த்து வாங்கி வருவார். பத்துக் கை மாறி வந்தவை, பாதிக்கு மேல் அட்டையே இருக்காது. பள்ளி விடுமுறையில் அதில் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 42ஆம் பக்கத்து ஓரத்தில் நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "டிரைவர்தான் செய்தான். சந்தேகமே இல்லை." எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! வெளியில் மழை, கையில் வேறு புத்தகமும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தேன். டிரைவர் பீடி பற்ற வைத்தால்கூடப் பாவி நடிக்கிறான் என்று தோன்றியது. கடைசியில் பார்த்தால் டிரைவரே இல்லை, அந்த வீட்டு அண்ணி. எழுதிவைத்த ஆள் முடிவைப் படித்துவிட்டு எழுதவில்லை, பாதியில் ஊகித்து, ஊகம் பொய்த்து, அடித்துவிடக்கூட மனசு வராமல் விட்டிருக்கிறார். (அட்டை இல்லாததால் அந்த நாவலின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது, அதனால் முடிவைச் சொன்ன பாவம் எனக்குச் சேராது.)

அந்த ஆள் எங்கே ஏமாந்தார் என்று பார்க்க 41ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். ராத்திரி பதினோரு மணிக்கு டிரைவர் கார் கழுவுகிறான். வாளி, ஈரத் துணி, கசடு கலந்து ஓடும் தண்ணீர், யாரோ வரும் சத்தம் கேட்டு அவன் திடுக்கிட்டுத் திரும்புவது, எல்லாம் சேர்த்து ஒரு பத்து வரி. பத்தி முடியும் இடத்தில் பாதி வரி: மாடியில் அண்ணி ஜன்னலைச் சாத்தினாள். அவ்வளவுதான். மாலையிலிருந்தே அந்த ஜன்னல் சாத்தித்தான் இருந்தது என்று அண்ணி பிற்பாடு போலீஸிடம் சொல்கிறாள். பத்து வரி வாளித் தண்ணீரில் அந்தப் பாதி வரி ஜன்னலை ஆசிரியர் மூழ்கடித்துவிட்டார். ஆனால் ஒளிக்கவில்லை, அச்சில் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

சகோதரி, நீங்கள் பேச வேண்டியது இந்த வித்தையைப் பற்றித்தான் என்பது என் கட்சி. கொலைகாரன் யார் என்பது கதையின் விடை. விமர்சனத்துக்கு வேண்டியது, அந்த விடையை ஆசிரியர் எவ்வளவு நேர்மையாக மறைத்தார் என்பது. அதற்கு நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும், வேறு வழி இல்லை. முதல் தடவை படிக்கும்போது பாதியில் நிறுத்தி யார் மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகிவிடுங்கள். நான் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போது படிப்பவன், கைக்குக் கிடைத்த கடை ரசீதின் பின்பக்கம்தான் என் நோட்டுப் புத்தகம். முடித்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள். நீங்கள் தவறவிட்ட துப்பு அங்கே இருந்ததா, இல்லை கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து நிறுத்தினாரா? நூலகத்தில் 21 நாள் தவணை கொடுக்கிறார்கள், இரண்டாம் வாசிப்புக்கு அது தாராளம். வட்டத்தில் பேசும்போது "நான் இப்படி ஏமாந்தேன், ஏமாற்றியது நியாயமாகத்தான்" என்று சொல்லுங்கள். யார் பெயரையும் சொல்லாமல் அரை மணி நேரம் பேசலாம்.

இந்த நேர்மைக் கணக்கு நான் கண்டுபிடித்தது இல்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் நாவல் எழுதியவர், பத்து விதிகள் போட்டார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவன் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும், இரட்டையர் வருவதென்றால் முன்கூட்டியே நம்மைத் தயார்ப்படுத்த வேண்டும், இப்படி. ஐந்தாவது விதி, கதையில் சீனர் யாரும் வரக்கூடாது என்பது! நம் ஊரில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேரைக் காலி செய்ய வேண்டும். அந்தக் காலத்து மலிவு நாவல்களில் வில்லன் என்றாலே மர்மமான சீனன் என்று எழுதிக்கொண்டிருந்ததைக் கிண்டல் செய்யத்தான் அவர் அப்படி வைத்தார்.

அந்த விதிகள் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1926இல், அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் நாவல் வந்தபோதே இது நியாயமா, ஏமாற்று வேலையா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. நான் நியாயம் என்ற கட்சி. ஏன் என்று சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுவிடும், ஆனால் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படியுங்கள், ஒரு பொய்கூட இருக்காது. அவருடைய முதல் நாவல் 1920இல் வந்தபோது அதைப் பாராட்டியவற்றில் ஒன்று மருந்தாளர்களுக்கான பத்திரிகை. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், விஷத்தைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறார் என்று எழுதினார்கள். அந்தப் பாராட்டில் அவருக்கு ரொம்பப் பெருமை. பாருங்கள், மருந்துக் கணக்கு சரியா என்று பேசுவதும் விமர்சனம்தான், முடிவு வெளியே வரவே வேண்டாம்.

பழைய கதைக்கு முடிவைச் சொல்லலாமா என்றால், வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளை போன வைரத்தை வைத்து வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' 1868இல் வந்தது. நாளைக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை அதைக் கையில் எடுத்தால், அந்தப் பிள்ளைக்கு அது நாளைக்கு வந்த புத்தகம்.

எல்லாக் கதைக்கும் இந்த ஒரே படியை வைத்து அளக்கவும் கூடாது. தேவனின் துப்பறியும் சாம்புவிடம் போய் நேர்மையான துப்பு எங்கே என்று கேட்டால், நம்மைத்தான் அசடு என்பார்கள். மனுஷன் உளறிக் கொட்டி, அதிர்ஷ்டத்தில் கேஸ் முடியும், சுவையே அதுதான். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளில் எனக்குப் பல சமயம் கொலையைவிட அவர்கள் இருவரின் பேச்சுத்தான் நினைவில் நிற்கிறது. அதையும் விமர்சனத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

புதியவற்றில் யார் என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஜப்பானில் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய 'சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில் கொலை ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடக்கிறது. எப்படி மறைத்தார்கள் என்பதுதான் கதை. இதுவும் புத்தம் புதுசு இல்லை, ஆஸ்டின் ஃப்ரீமன் 1912லேயே இப்படித் தலைகீழாக வைத்து எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த ஜப்பானிய நாவலில் நான் ஏமாந்த மாதிரி வேறு எதிலும் ஏமாந்ததில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறாமல் போய்விட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது உங்கள் மாமியார். அவரைத் திட்டாதீர்கள், நான் இரண்டாம் தடவை செய்யச் சொன்னதை அவர் முதல் தடவையே செய்கிறார். அவர் படித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அத்தை, ஆசிரியர் எந்தப் பக்கத்தில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்?" கையில் ஒரு பென்சிலையும் கொடுத்துவிடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் பென்சில் வேண்டாம், கடை ரசீது போதும்.