இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்கள் யாரும், கையில் பிடித்து ஆடும் கருவியான கன்ட்ரோலரில் முதலாவதைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது கன்சோலின் பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. தேர்வு என்ற பேச்சு எழுவதே இரண்டாவதை வாங்கும்போதுதான். உடன் உட்கார்ந்து விளையாட ஒருவர் வருகிறார், அல்லது முதல் கன்ட்ரோலர் கீழே விழுந்து விழுந்து ஓய்ந்துவிடுகிறது. வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால் ஐம்பது வகைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பழுதான கன்ட்ரோலர்களைத் திறந்து பார்ப்பதைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டிருப்பவன் நான். ஆகையால், எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நிறத்தையும் மின்னும் விளக்குகளையும் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கன்சோல் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளுமா என்று பாருங்கள். பிறகு, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்குக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில்.

முதலில் சேர்த்துக்கொள்ளும் சங்கதி. செருகும் வாய் ஒன்றாக இருந்தால் போதும், வேலை செய்யும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். கைப்பேசிச் சார்ஜரில் பழகிய பழக்கம் அது. கன்சோல்கள் அப்படி இல்லை. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல், அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரை இணைத்துப் பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை ஆடலாம். ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கென்றே உருவான விளையாட்டைத் தொடங்கினால், புதிய டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை எடுத்து வரச் சொல்லிவிடும். எக்ஸ்பாக்ஸ் இந்த விஷயத்தில் தாராளமானது. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கன்ட்ரோலரை இன்றைய எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்களிலும் அப்படியே பயன்படுத்தலாம். இன்னொரு பக்கத்தில் அதே எக்ஸ்பாக்ஸ் கண்டிப்பானதும்கூட. ப்ளூடூத் மட்டும் உள்ள கன்ட்ரோலரை அந்தக் கன்சோல் ஏற்காது, ஏனென்றால் அதன் கம்பியில்லாத் தொடர்பு முறையே வேறு. 2023-இன் இறுதியிலிருந்து, உரிமம் பெறாத துணைக்கருவிகளைச் செருகினால் அவற்றைத் தடுத்துவிடுவதும் உண்டு.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். எல்லாக் கன்சோல்களுக்கும் ஏற்றது என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கி வந்தேன். விளக்குகள் வானவில் போல ஒளிர்ந்தன, கன்சோலோ அசையவில்லை. கம்பியை மாற்றினேன், கன்சோலை அணைத்துப் போட்டேன், அரை மணி நேரம் போனது. கடைசியில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால், பொருந்தும் கன்சோல்களின் பட்டியல் அடிப்பக்கத்தில் எறும்பு வரிசை போல இருந்தது. என்னுடையது அதில் இல்லை. அன்றிலிருந்து பெட்டியின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். உங்கள் கன்சோலின் பெயர், அது எந்தத் தலைமுறை என்பதோடு சேர்த்து அங்கே இருக்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ பட்டன் கீழே இருக்கும், பி வலப்பக்கம் இருக்கும்; நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே. ஒரே வீட்டில் இரண்டு கன்சோல்களும் இருந்தால், சரி என்று அழுத்த நினைத்து வேண்டாம் என்று அழுத்துவீர்கள். கை பழக ஒரு வாரம் ஆகும். அதற்காகக் கன்ட்ரோலரைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி ஸ்டிக்குக்கு வருகிறேன். நேரம் இதில்தான் போகும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என் அக்கா மகள் ஒருநாள் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, நான் ஒண்ணுமே தொடல, அவனாவே நடக்கிறான்" என்றாள். வாங்கி மேசைமேல் வைத்தேன். யாருடைய கையும் அதன்மேல் இல்லை. திரையில் இருந்த வீரன் மெல்ல மெல்ல இடப்பக்கம் நடந்து, ஒரு சுவரில் முட்டி, அங்கேயும் நிற்காமல் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தான். விளையாடுபவர்கள் இதை டிரிஃப்ட் என்பார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பழைய வானொலிப் பெட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இது முன்பே தெரியும். ஒலியைக் கூட்டக் குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, சில இடங்களில் ஒலி திடீரென்று குதிக்குமே, அதே நோய்தான் இது. அந்தக் குமிழுக்குள் கார்பன் பூசிய ஒரு தடம் இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டு நகர்கிறது. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது. கன்ட்ரோலரின் ஒவ்வொரு ஸ்டிக்குக்குள்ளும் இப்படி இரண்டு உண்டு, மேலும் கீழும் அறிய ஒன்று, இடமும் வலமும் அறிய மற்றொன்று. வானொலிக் குமிழை நாம் ஒரு நாளைக்கு நான்கு முறை திருகுவோம். ஸ்டிக்கையோ ஒரு மணி நேர விளையாட்டில் ஆயிரக்கணக்கான முறை அசைக்கிறோம். அக்கா மகளின் கன்ட்ரோலரைத் திறந்து அந்தச் சிறிய பச்சை மூடியைக் கழற்றியபோது, தடத்தின் நடுவில் நாக்கு வழக்கமாக வந்து நிற்கும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. ஓரத்தில் பென்சில் சீவிய தூள் போலக் கருந்தூள் சேர்ந்திருந்தது. நடு எது என்று அந்த ஸ்டிக்குக்கே தெரியவில்லை, ஆகவே வீரன் நடந்துகொண்டிருந்தான்.

இந்தக் கோளாறு ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நேர்வதன்று. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் எனப்படும் கன்ட்ரோலர்களில் இது பெரிய புகாராக எழுந்து, 2020-இல் அந்நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போனது. மற்றவர்களின் ஸ்டிக்குகளும் பெரும்பாலும் அதே கார்பன் தடத்தை நம்பியவைதான். யாருக்கு முன்னால் வரும், யாருக்குப் பின்னால் வரும் என்பதே வேறுபாடு.

உரசலே இல்லாத வழி ஒன்று உண்டு. எட்வின் ஹால் என்ற இயற்பியலாளர் 1879-இல் கண்டறிந்த விளைவை அது அடிப்படையாகக் கொண்டது. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம் அசைகிறது. எதையும் தொடாமல் எதிரே இருக்கும் உணரி, காந்தப்புலம் மாறுவதை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. தொடாத இடத்தில் தேய்மானம் ஏது? இது நேற்று வந்த புதுமையும் அன்று. 1998-இல் சேகா வெளியிட்ட டிரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலால் இழுக்கும் ட்ரிகர்களுக்குக் காந்தம் வைத்திருக்கிறார்கள், ஸ்டிக்குக்கு வைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஆகவே வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலரை வாங்குவதாக இருந்தால், ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்றோ, அதைப் போலவே காந்தத்தைக் கொண்டு உரசாமல் அறியும் அடுத்த தலைமுறையான டிஎம்ஆர் ஸ்டிக் என்றோ பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிகருக்கு மட்டும் ஹால் எஃபெக்ட் வைத்துவிட்டு அதைப் பெரிதாக அச்சிடுபவர்களும் உண்டு என்பதால், ஸ்டிக் என்ற சொல் அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் சுருள்வில் தளரலாம், பிளாஸ்டிக் தேயலாம். ஆனால் அந்தக் கருந்தூள் இல்லை. கையில் இருப்பது ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது என்றால், பல விளையாட்டுகளின் அமைப்புகளில் டெட்ஸோன் என்று ஒன்று இருக்கும்; அதைச் சற்றுக் கூட்டினால், ஸ்டிக்கின் சிறு நடுக்கங்களை விளையாட்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இது நோய்க்கு மருந்து அன்று, வலிக்குத் தைலம் மட்டுமே. கூட்டக் கூட்ட, குறிபார்க்கும் நுட்பம் குறையும்.

கைக்குப் பொருந்துவது பற்றியும் சொல்ல வேண்டும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் அத்தனை பெரிதாக இருந்ததால், ஜப்பானில் விற்பதற்கென்று சிறிதாக ஒன்றைச் செய்தார்கள். பின்னர் எல்லா நாடுகளிலும் அந்தச் சிறியதே பெரியதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரல் எல்லாப் பட்டன்களையும் தொடுகிறதா என்று பாருங்கள். விளையாடப் போவது சிறுபிள்ளை என்றால், அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் கை அதற்கு அளவுகோல் ஆகாது. சண்டை விளையாட்டுகளும் பக்கவாட்டில் ஓடித் தாவும் விளையாட்டுகளும் ஆடுபவர்களுக்கு, 1982-இல் குன்பெய் யோகோய் ஒரு சிறு கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்த கூட்டல் குறி போன்ற திசைப் பட்டன்தான் இன்றும் உற்ற துணை. அது நான்கு திசைகளையும் தனித்தனியாக உணர்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். கார் ஓட்டும் விளையாட்டு என்றால் ட்ரிகரைக் கவனியுங்கள். ஸ்விட்ச்சின் ட்ரிகர் விளக்குச் சுவிட்ச் போல, அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் காரின் ஆக்சிலரேட்டர் போல, எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வேகம்.

பேட்டரி பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் விரல்களைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று பொருள் கொள்கிறேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் வருவது கழற்றி மாற்றக்கூடிய இரண்டு டபுள்ஏ பேட்டரிகள். மற்றவற்றில் உள்ளேயே வைத்துப் பூட்டியவை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கம்பியும் தரவைக் கடத்தும் கம்பியும் பார்வைக்கு ஒன்றே, எனவே இணையவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, உண்மையில் முதலாவதாக வைத்திருக்க வேண்டியது. விரல்களால் எல்லாவற்றையும் அழுத்த இயலாதவர்களுக்கென்று, 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரும், 2023-இல் பிளேஸ்டேஷனின் ஆக்சஸ் கன்ட்ரோலரும் வந்திருக்கின்றன. முன்னதில் இரண்டு பெரிய வட்டப் பட்டன்களும், பின்புறத்தில் இயர்போன் செருகும் அளவிலான 19 துளைகளும் உண்டு. ஒவ்வொரு துளையிலும் ஒரு பட்டனையோ கால்மிதியையோ செருகி, முழங்கையோ பாதமோ தாடையோ, எது அசையுமோ அதற்கு அருகில் வைத்துக்கொள்ளலாம். எந்தத் துளை எந்த வேலையைச் செய்யும் என்பதைக் கன்சோலின் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதை எப்படி மாற்றுவது என்று விளக்குவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.