வானத்திலிருந்து வரும் தந்தி

(கொடைக்கானலில் தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் நான் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். இருமியதையும் தண்ணீர் குடித்ததையும் நீக்கிவிட்டேன், மற்றபடி அப்படியே.)

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளியின் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வானாய்வகத்திலிருந்து வந்து, நான் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கென்றே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயா அவர்களே, பூண்டு விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே, மைக் செட் தம்பி, மேல்மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் என் சொந்த பந்தங்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது போர்த்திய சால்வைக்குத் தனியாக ஒரு நன்றி. கீழே மதுரையிலும் திண்டுக்கல்லிலும் பொன்னாடை போர்த்தினால் மடித்து வைப்பார்கள். நம் ஊரில்தான் அதைப் போர்த்திக்கொண்டே பேச முடிகிறது.

நான் விஞ்ஞானி இல்லை. தந்தி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். 2013 ஜூலையில் நாடு முழுவதும் தந்தியை மூடினார்கள் அல்லவா, அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நான் சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவனை எதற்கு அறிவியல் நாளுக்குக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். வானத்தில் சில நொடி மட்டும் வந்துபோகும் வெடிப்புகள் என்ன என்பது ஒன்று. ஆள் இல்லாத தொலைநோக்கிகள் அவற்றை எப்படித் துரத்திப் பிடிக்கின்றன என்பது இரண்டு. நம் பிள்ளைகள் அந்த வேலையில் எப்படிச் சேரலாம் என்பது மூன்று.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். பின்வரிசையில் சிரிக்கிறார்கள், பாருங்கள். காற்றுள்ள போதே தூற்றிக்கொள். என் அப்பா களத்து மேட்டில் சொன்னது. நான் தந்தி ஆபீசில் சொன்னேன். இன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நம் ஊர் வானாய்வகம் 1899-லிருந்து இந்த மலைமேல் இருக்கிறது. அங்கே பார்ப்பது சூரியனை. சூரியன் நல்ல பிள்ளை, தினமும் ஆஜர். மேகம் மறைத்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பொறுமையாகப் பார்த்துத்தான் 1909-ல் எவர்ஷெட் துரை, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். ஆனால் வானத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சூரியன் மாதிரி நல்ல பிள்ளைகள் இல்லை.

1967 ஜூலை 2. யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்களா என்று கவனிக்க அமெரிக்கா விட்டிருந்த வேலா செயற்கைக்கோள்களில் ஒரு காமா கதிர் வீச்சு பதிவானது. காமா கதிர் என்றால் கண்ணுக்குத் தெரியாத, எக்ஸ்ரேயைவிடக் கடுமையான கதிர். குண்டு வெடித்த சாயல் அதில் இல்லை. அப்புறம் அதே மாதிரி இன்னும் பல வந்தன. பூமியிலிருந்தும் இல்லை, சூரியனிலிருந்தும் இல்லை. 1973-ல்தான் வெளியே சொன்னார்கள். அதைத்தான் காமா கதிர் வெடிப்பு என்கிறோம். பெரிய நட்சத்திரம் ஒன்று உள்ளுக்குள் இடிந்து விழும்போது வரும், அல்லது இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது செத்த நட்சத்திரங்களின் இறுகிப்போன கருக்கள், மோதிக்கொள்ளும்போது வரும். நம் சூரியன் ஆயுள் முழுக்கத் தரப்போகும் ஆற்றலுக்கு ஈடானதைச் சில நொடியில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒரு முறை வந்த இடத்தில் மறுபடி வராது. ஒன்றுக்கும் பெயர்கூட வைப்பதில்லை. பிறந்த தேதிதான் பெயர். ஒரே நாளில் இரண்டு வந்தால் ஏ, பி என்று இனிஷியல்.

காமா கதிர் மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று சொல்ல முடியாது. கூடவே வரும் வெளிச்சத்தை, அது மங்குவதற்குள், சாதாரணத் தொலைநோக்கியில் பிடிக்க வேண்டும். காற்று எப்போது அடிக்கும் என்று தெரியாது, அடித்தால் ஒரு நிமிஷம்தான். இதில் எங்கே தூற்றுவது?

இங்கேதான் தந்தி வருகிறது. இது வெறும் உவமை இல்லை, நிஜத் தந்தியே உண்டு. 1872 நவம்பர் கடைசியில், பீலா என்ற காணாமல் போன வால்மீனின் பாதையில் பூமி புகுந்து, எரிகற்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் உட்கார்ந்து யோசித்தார். வால்மீன் பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், தெற்கே இருப்பவர் கண்ணுக்கு இப்போது தெரியும். யார் இருக்கிறார்கள் தெற்கே? நம் சென்னை வானாய்வகத்தில் போக்சன் என்ற வானியலாளர் இருக்கிறார். நவம்பர் 30-ஆம் தேதி தந்தி அடித்தார். ‘பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, சென்டாரஸில் தீட்டா நட்சத்திரத்தின் அருகே தேடு’ என்று. சென்டாரஸ் என்பது தெற்கு வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம். இருபது சொல்கூட இல்லை. போக்சனுக்கு முதலில் மேகம். டிசம்பர் 2, 3 இரண்டு நாள் வானம் திறந்தது. அங்கே நிஜமாகவே ஒரு வால்மீனைப் பார்த்தார். அப்புறம் மறுபடி மேகம். அது பீலா இல்லை என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், அது வேறு கதை. இரண்டு நாள் காற்று அடித்தது, மனுஷன் தூற்றிக்கொண்டார். அந்தச் சென்னை வானாய்வகத்தின் வேலைதான் பின்னால் நம் கொடைக்கானலுக்கு ஏறி வந்தது. ஆக, இந்த ஊருக்கும் தந்திக்கும் வானத்துக்கும் பழைய உறவு.

தந்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு கதை. தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் ஒரு அடைமழைக் காலம். வடுகபட்டி பூண்டு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன், மேல்மலையில் இருக்கும் தன் அம்மாவுக்கு ஒரு தந்தி அடித்தான். ஆங்கிலத்தில் ஐந்தே சொல். ‘விலை ஏறுகிறது, விற்க வேண்டாம்.’ பத்து நிமிஷத்தில் என் கைக்கு வந்துவிட்டது. எழுதி, உறையில் போட்டு, சேவகரிடம் கொடுத்தேன். அவர் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு, பாதி வழி நடந்து, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அதுவரைக்கும் பழுதில்லை.

வாசலில் காக்கிச் சட்டையும் கையில் உறையும். அந்தக் காலத்தில் தந்தி என்றால் என்ன அர்த்தம்? அந்த அம்மா உறையைத் தொடவே இல்லை. ‘போயிட்டியா ராசா’ என்று தரையில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள், அவளும் விழுந்தாள். நாலாவது வீட்டுக்காரிக்கு யார் செத்தது என்றே தெரியாது, ஆனால் ஒப்பாரியில் அவள்தான் கெட்டி. அடுப்பை அவித்தார்கள். ஒருவர் பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். எங்கள் சேவகர் உறையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், வாங்க ஆள் இல்லை. அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

இதில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதே நேரம் முற்றத்தில் ஒரு வியாபாரி, பரணில் புகையில் காய்ந்த பூண்டை இறக்கி எடை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இளகிய மனசு. ‘இந்தத் துக்கத்தில் நீங்கள் காசுக்கு அலையக் கூடாது தாயி’ என்று பேசிய விலையை எண்ணி அந்த அம்மாவின் முந்தானையில் முடிந்துவிட்டு, இருபது மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி லாரியில் போய்விட்டார்.

அரை மணி கழித்து வாத்தியார் வந்தார். உறையைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, ‘அப்போ என் புள்ள உசுரோட இருக்கானா?’ என்றார்கள். ‘இருக்கான் பாட்டி, பூண்டை விக்க வேணாம்னு சொல்றான்.’ ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள் இரண்டாவது ஒப்பாரி! முதல் ஒப்பாரி அதன் பக்கத்தில் நிற்காது என்று எங்கள் சேவகர் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பி பத்து நிமிஷத்தில் கொண்டுவந்ததை, படிக்க ஆள் இல்லாத அரை மணி நேரம் கெடுத்துவிட்டது. வானியலாளர்களுக்கும் இதே கஷ்டம்தான். செயற்கைக்கோள் சேதி சொல்லும். ஆராய்ச்சியாளர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பி, கண்ணைக் கசக்கி, தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் பூண்டு லாரி போய்விடும்.

அதனால் நடுவில் இருந்த மனுஷனையே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் வெடிப்பைப் பார்த்தவுடன் அதன் இடத்தைக் கீழே அனுப்பும். அங்கிருந்து இணையம் வழியாக உலகம் முழுக்கச் சில நொடியில் போகும். ஒரு மலையில் தனியாக நிற்கும் தொலைநோக்கி அந்தச் சேதியைத் தானே வாசிக்கும். அந்த இடம் இப்போது தன் தலைக்குமேல் இருக்கிறதா, மழை, காற்று, ஈரம் எப்படி என்று தானே பார்க்கும். பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு, திரும்பிப் படம் எடுக்கும். 1999 ஜனவரி 23 அன்று, அமெரிக்காவில் ரோட்சி என்ற கருவி, வெடிப்பு தொடங்கிய 22-ஆவது நொடியில் முதல் படத்தை எடுத்துவிட்டது. பிரம்மாண்டமான கருவி ஒன்றுமில்லை, டெலிஃபோட்டோ லென்ஸ் நான்கைச் சேர்த்துக் கட்டியது. அந்த வெளிச்சம் 900 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. கொஞ்ச நேரம் சாதாரண பைனாகுலரிலேயே தெரிகிற அளவு பிரகாசம். 900 கோடி ஆண்டு நடந்து வந்தவரை 22 நொடியில் வாசலுக்குப் போய் வரவேற்றது!

2004-ல் ஸ்விஃப்ட் என்று ஒரு செயற்கைக்கோள் போனது. வெடிப்பைத் தானே பார்த்து, ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் தானே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஸ்விஃப்ட் என்றால் வேகம், நம் உழவாரன் குருவிக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அது சொன்ன வெடிப்பு ஒன்று, 2008 மார்ச் 19. வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும், அரை நிமிஷம் போல. 750 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்தது. நம் பூமிக்கே வயது 450 கோடிதான். யாராவது பார்த்தார்களா என்றால், சிலி நாட்டில் வானத்தை அகலமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த தானியங்கிக் கேமராக்கள் பார்த்தன. நமக்கு அப்போது பகல் 11:42. நான் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்திருப்பேன். எங்கேயோ ஒரு இடத்தில் எப்போதும் ராத்திரியாக இருக்க வேண்டும் என்றுதான் ஒரு தொலைநோக்கி போதாமல் வலை வேண்டியிருக்கிறது. ஸ்பெயின்காரர்கள் பூட்டஸ் என்று கண்டம் கண்டமாக வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்களுக்கு மாஸ்டர். நமக்கு லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், ஆள் இல்லாமல் இயங்கும் 0.7 மீட்டர் தொலைநோக்கி. நம் வானாய்வகத்தை நடத்தும் அதே வான் இயற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து வைத்தது. 2017-ல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதித் தங்கம் உண்டான சமாச்சாரத்தையும் சொல்ல வேண்டும், நேரமில்லை. பவுன் விலையைப் பற்றிப் பேசினால் தாய்மார்கள் சங்கடப்படுவார்கள்.

என் பேரன் இந்த வான எச்சரிக்கைகளை என் செல்போனிலும் வரவைத்துக் கொடுத்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போன மழையில் மேல்மலையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் போன் ஊமை. திரும்பி வரும்போது ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் சட்டைப்பை கிடுகிடு என்று ஆடியது. நாலு வெடிப்புச் சேதி சேர்ந்து வந்தது. அவற்றுக்கு நடுவில் ஐந்தாவதாக ஒன்று: பலத்த மழை, மண்சரிவுக்கு வாய்ப்பு, மலைச்சாலையில் போகாதீர்கள். முந்தின நாள் காலையில் அனுப்பியது. அந்தச் சரிவைத் தாண்டித்தான் நாங்கள் அப்போது வந்துகொண்டிருந்தோம்.

கோடி கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரம் செத்தால் நொடியில் தெரிகிறது. தங்கச்சி வீட்டுக்கு மேலே மண் சரியப்போகிறது என்பது மறுநாள் தெரிகிறது. 2023-ல் பேரிடர் எச்சரிக்கைக்காக எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறிய சோதனை நினைவிருக்கிறதா? நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் எது அலறும்? நான் எட்டு வருஷமாக மனு எழுதுகிறேன். ஒரு கம்பெனிக்காரர்கள், பெயர் வேண்டாம், ஆள் குறைவு, டவர் கட்டுப்படியாகாது என்கிறார்கள். சரி, டவர் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஊருக்கு ஒரு சைரன், ஒரு வயர்லெஸ் பெட்டி, ராத்திரி அதைக் கேட்க ஒரு ஆள். அந்த ஆளும் தூங்கிவிடுவார் என்றால், சேதி வந்ததும் தானே ஊதுகிற சைரன். ஹான்லேயில் தானே கூரை திறக்கிறது, இங்கே தானே ஒரு சைரன் ஊதாதா? காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்று அரசாங்கத்துக்கு நான் சொல்லக் கூடாது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அவர்கள் இதே மேடையில் இருக்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது விஷயம், மாணவர்கள் எப்படிச் சேரலாம் என்பது. அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் செயலாளர் துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார், இரண்டாவது சீட்டு. முன்வரிசை ஐயா டீ நேரத்தில் சொல்வார்கள், என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பழைய காலத்துக் கடிதங்களில் எழுதுவோமே, ‘இதைத் தந்தி போல் பாவித்து’ என்று, அப்படித்தான் மனுவின் மேலே எழுதியிருக்கிறேன். பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மேல்மலை கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் போட்டுவிட்டுப் போங்கள், உள்ளூர்க்காரர்கள் டீ குடித்துவிட்டுப் போடலாம். பேனாவைத் திரும்ப வைத்துவிடுங்கள், அது பேரனுடையது.