குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

அழகுக்காக நட்ட செடி ஒன்று நிலத்தையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்.

வெளியிலிருந்து வந்த செடியெல்லாம் கெட்ட செடி இல்லை. நட்ட இடத்தில் ஒழுங்காக நிற்கும் அயல்செடிகள் ஏராளம். யாரும் நடாமலே தானாகப் பரவி, அங்கே ஏற்கெனவே இருந்ததை எழவிடாமல் அமுக்குகிறதே, அதைத்தான் ஆக்கிரமிப்புச் செடி என்கிறோம். அப்படிப்பட்டவற்றில் பல, தோட்டத்தில் ஆசையாக வளர்க்கப்பட்டவை. உண்ணிச்செடி பூவுக்காகத்தான் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கப்பலேறியது. இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் புதராகக் கிடக்கிறது. தாஹித்தி தீவின் கதை இன்னும் வேதனையானது. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறத்தில் பளபளக்கும் மிக்கோனியா என்ற மரத்தை 1937இல் அங்கே ஒரு தோட்டத்தில் அழகுக்காக வைத்தார்கள். இப்போது தீவின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் அது பரவியிருக்கிறது. அதன் அடர்ந்த நிழலில் அந்தத் தீவுக்கே உரிய செடிகள் முளைக்க வழியில்லாமல் போயின.

சரி, நம் நிலத்துக்கு வருவோம். அகற்றுவது என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் எங்கே கைவைக்கிறார்கள்? புதர் எங்கே அடர்ந்து கிடக்கிறதோ அங்கே. ஆள் வைத்து, இயந்திரம் வைத்து, ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடுகிறார்கள். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் அதே செடி, முன்பைவிட நெருக்கமாக எழுந்து நிற்கும். காரணம் எளிது. மண்ணில் பல வருட விதை கிடக்கிறது. நாம் மண்ணைக் கிளறி வெயிலைக் காட்டினால் அது முளைக்காமல் என்ன செய்யும்?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 1960களில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தார்கள். நல்ல செடிகள் நிறைந்து, களை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பக்கத்தில் தொடங்கு. அங்கிருந்து மெதுவாக அடர்ந்த பக்கம் நோக்கிப் போ. மண்ணை முடிந்தவரை கிளறாதே. மண்ணின் சொந்தச் செடிகள் எவ்வளவு வேகத்தில் இடத்தை நிரப்புகின்றனவோ, அந்த வேகத்துக்கு மேல் போகாதே. இவ்வளவுதான் அவர்கள் முறை. தனியார் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு குடும்பம் ஓய்வு நேரத்தில் செய்துகொண்டு போகலாம். சரிவான நிலமாக இருந்தால் மண் அரிப்பும் குறையும்.

இனி எப்படிப் பிடுங்குவது என்பது. உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாளால் மேலோடு வெட்டினால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். துளிர் புறப்படும் இடம், தண்டும் வேரும் சேர்கிற கழுத்துப் பகுதி. ஆகவே மண் ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்து, தூரைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, அந்தக் கழுத்துக்குக் கீழே சில சென்டிமீட்டர் இறங்கி ஆணிவேரைத் துண்டிக்க வேண்டும். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்க உலரவிடுங்கள். கிளை மண்ணைத் தொட்டுக் கிடந்தால் தொட்ட இடத்தில் வேர்விடும். காய் பிடிக்கும் முன் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம். புதருக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஆடு மாடு மேயும் இடத்தில் வெட்டிய தழையைப் போட்டு வைக்காதீர்கள். அது கால்நடையின் ஈரலைக் கெடுக்கும்.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் வெடேலியா, ஒவ்வொரு கணுவிலும் வேர் பிடிக்கும். அதை இழுத்துப் பிய்த்தால் பிய்ந்த துண்டெல்லாம் புதுச் செடி. களைக்கொத்தால் நெம்பி, கணுவைக் கணுவாக எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட ஜப்பானிய நாட்வீட் இதிலும் மோசம். விரல்நுனி அளவு வேர்க்கிழங்குத் துண்டு போதும், திரும்ப வந்துவிடும். அது இருந்த மண்ணை அள்ளி வேறிடத்தில் கொட்டுவதுதான் அதைப் பரப்புகிற முக்கிய வழி.

வெட்டினால் துளிர்க்கிற, தோண்டவும் முடியாத மரங்களுக்குக் களைக்கொல்லி தேவைப்படலாம். புதர் மேல் தெளிக்காதீர்கள். மரத்தைத் தரையோடு அறுத்து, சில நிமிடங்களுக்குள் வெட்டுவாயில், பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் வளையத்தில் தூரிகையால் தடவினால் போதும். தாமதித்தால் மருந்து வேருக்கு இறங்காது. கையுறை அவசியம். உங்கள் பகுதியில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீர்நிலை ஓரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

பிடுங்கியதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாலையோரத்தில், ஓடையில் கொட்டுவதென்றால் அதற்குப் பேசாமல் நட்டுவிடலாம். ஆகாயத்தாமரை பல ஊர்க் குளங்களுக்குப் போனது அழகுத் தொட்டியிலிருந்துதான். சூழல் வாய்த்தால் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகும் செடி அது. விதையும் துண்டுகளும் உள்ளதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வெயிலில் நன்றாக வெந்து அழுகும்வரை வையுங்கள்.

அப்புறம், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். புதிதாக முளைத்த செடிக் கன்றுகளை முதலில் தேட வேண்டிய இடம், பறவைகள் வந்து உட்காரும் மரத்தடியும் வேலியோரமும். பழம் தின்ற பறவை அங்கேதான் விதையைப் போடும். உள்ளங்கை உயரத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கமும் அதே செடி காய்த்து நின்றால், பக்கத்து நிலத்துக்காரரிடம் குறை சொல்லப் போகாமல், உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போங்கள். இரண்டு பக்கமும் ஒரே பருவத்தில், காய் பிடிக்கும் முன் வெட்டினால்தான் இரண்டு பேர் உழைப்பும் நிலைக்கும்.

நன்றி, வணக்கம்.