நேராக எழும்பும் வேவு ஜெட்

மொரீஷியஸ் வாழ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

1960களில் அமெரிக்கத் தரைப்படைக்கு ஓர் ஆசை வந்தது. போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி போதும். அங்கிருந்து நேராக மேலே எழும்பி, ஜெட் வேகத்தில் போய் எதிரியை வேவு பார்த்துவிட்டு, அங்கேயே வந்து இறங்க வேண்டும். ஓடுபாதையே கூடாது.

இதற்காக லாக்ஹீட் செய்த சோதனை விமானம்தான் எக்ஸ்வி-4ஏ ஹம்மிங்பேர்ட். 1962இல் முதலில் பறந்தது. அதன் எடை சுமார் 7,200 பவுண்டு. இரண்டு எஞ்சினும் சேர்ந்து தரும் உந்துவிசையோ 6,600 பவுண்டுதான். அப்படியானால் எழும்பவே எழும்பாதே என்பீர்கள். எஞ்சினின் சூடான காற்றை விமானத்தின் வயிற்றுக்குள் வரிசையாக உள்ள குழாய் முனைகள் வழியே கீழே பீய்ச்சினால், முதுகில் திறந்திருக்கும் கதவுகள் வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து இழுபட்டு வரும், குறைகிற விசை அதில் கிடைத்துவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. காகிதத்தில் அழகான கணக்கு. கிடைத்ததென்னவோ எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. தன் எடையைத் தூக்கவே அது திணறியது. 1964இல் ஒன்று விழுந்து விமானி இறந்தார்.

ரையன் நிறுவனத்தின் எக்ஸ்வி-5ஏ அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. இரு இறக்கைகளுக்குள்ளும் பெரிய விசிறிகள், மூக்கில் ஒரு சின்ன விசிறி. ஜெட் காற்றே அவற்றைச் சுழற்றும். நன்றாகவே தூக்கியது. ஆனால் 1965இலும் 1966இலும் நடந்த விபத்துகளில் இரண்டு விமானிகள் உயிரிழந்தார்கள். இரண்டாவது விபத்து, ஆளை மேலே தூக்கும் மீட்புப் பட்டை விசிறிக்குள் இழுபட்டதால் நடந்தது.

விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் இவை வேவுக்கு உதவியிருக்காது என்பது என் எண்ணம். வேவு என்றால் வானத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். நேராக எழும்புவதோ எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும் வேலை. அப்புறம், இறக்கைக்குள் விசிறி உட்கார்ந்துவிட்டால் எரிபொருளை எங்கே வைப்பது? நேராக எழும்பக்கூடிய ஹாரியர் போர் விமானம்கூட முடிந்தவரை கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும். கடைசியில் அந்தத் தரைப்படைக்கு 1996 வரை உழைத்தது மோஹாக் என்ற வேவு விமானம். ஜெட் அல்ல, சுழலி (ப்ரொபெல்லர்) வைத்தது.

நம் தீவும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலை நாம் பார்த்தாக வேண்டும். அதற்கு வைத்திருப்பது சுழலி வைத்த டோர்னியர் விமானம். நேராக எழும்ப வேண்டிய வேலைக்கு துருவ் ஹெலிகாப்டர். வடக்கே 1,100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நம் அகலேகா தீவில் 2024இல் புதிய நீள ஓடுபாதையே திறந்தாயிற்று. அது யாருக்காக என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதை வேறொரு நாள் பேசலாம்.